நாலரை மணி

முதன்முதலாக நான் அதிகாலை நாலரைக்கு எழுந்த அன்று, அடுக்களையில் ஏற்கெனவே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த வாக்கில் தலையை மட்டும் திருப்பி, "என்ன மக்ளே, வயித்துக்கு ஆவலியா?" என்றாள்.

வயிற்றுக்கு ஒன்றுமில்லை, இன்றிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குத்தான் எழப் போகிறேன் என்றேன்.

"என்னத்துக்கு?"

"உடம்புக்கு நல்லதுமா. பிரம்ம முகூர்த்தம்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அது சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துருவ ஆரம்பித்தாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. நான் பார்த்த வீடியோக்களில் அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு விளக்கு, ஒரு செம்பு டம்ளர், ஜன்னலைப் பார்த்தபடி கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவர். அவ்வளவுதான். பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல். 'இந்த நேரம் உங்களுக்கே உங்களுக்கானது' என்று எழுத்து ஓடும். எனக்கோ தேங்காய் துருவுகிற சத்தம். நாலே முக்காலுக்கு மிக்ஸி. ஐந்து மணிக்குக் குக்கர் விசில். எனக்கே எனக்கான நேரத்தில் அம்மா அவியலுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் யாருடையது என்று நான் யோசிக்கத் தொடங்க ஏழு மாதம் ஆனது. இது அந்த ஏழு மாதத்தின் கதை.

*

எனக்கு 33 வயது. சென்னையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான தொழில்நுட்ப உதவிப் பிரிவு. மாலை ஆறரைக்கு ஆரம்பித்து அதிகாலை மூன்றரைக்கு முடியும் ஷிப்ட். இரவு ஒரு மணிக்கு ஃப்ரைடு ரைஸ், மூன்று மணிக்கு டீ, ஐந்து மணிக்குத் தூக்கம். பகல் ஒன்றரைக்கு எழும்போது வாய் முழுக்கப் புளிப்பு. வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும், எனக்கு அதுதான் விடியல்.

நெஞ்செரிச்சல் இரண்டாம் வருஷமே வந்துவிட்டது. ஆறாம் வருஷம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம். ஒருநாள் ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை தீயை அணைக்கும் தம்பி. நீங்க தினமும் பத்தவெச்சுட்டு வந்தா நான் என்ன பண்றது?" என்றார்.

ஷிப்டில் அழைப்பு வராத நேரங்களில் இதைப் பற்றியே தேடித்தேடிப் படிப்பேன். உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக 2017-இல் மூன்று அமெரிக்கர்களுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே இரவுநேர ஷிப்ட் வேலையைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்து, 2019-இல் அதை மறுபடியும் உறுதி செய்தது. இதையெல்லாம் நான் படித்தது அதிகாலை இரண்டு மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு.

கடைசியில் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். இரவுப் படி போனது, சம்பளம் குறைந்தது. பதிலுக்கு, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். அப்பா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. தங்கச்சி கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். வடசேரியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் அம்மா மட்டும்.

எங்கள் ஊருக்கு ஆயுர்வேதம் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை மலையாளத்து ராஜ்யத்தோடு இருந்த மாவட்டம். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பிள்ளை பெற்ற வீடு என்றால் தன்வந்தரம் குழம்பு வாசனை வந்தே தீரும். ஆனால் எனக்கு ஆயுர்வேதம் வந்தது அந்த வழியில் இல்லை. ஃபோன் வழியாக வந்தது. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்த ஒருவனை அல்காரிதம் சரியாக மோப்பம் பிடித்துவிட்டது. 'தினசர்யா' என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். ஒரு நாளை எப்படி வாழ வேண்டும் என்கிற ஒழுங்கு. விடியுமுன் எழு, பல் துலக்கு, நாக்கை வழி, எண்ணெய் கொப்பளி, மூக்கில் சொட்டு விடு, உடம்பு முழுக்க எண்ணெய் தேய், உடற்பயிற்சி செய், குளி, பசித்தால் சாப்பிடு.

ஒன்பது வருஷம் நாளே இல்லாமல் வாழ்ந்தவனுக்கு, ஒரு நாளை மணிமணியாகக் கோத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கண் கலங்கியது. உடனே ஆர்டர் போட்டேன்.

*

செம்புக் குடம், செம்பு டம்ளர், நாக்கு வழிக்க ஒரு செம்புத் தகடு, நல்லெண்ணெய், மூக்குக்கு ஒரு தைலம், திரிபலா சூரணம், உடம்பு தேய்க்க ஒரு மாவு. மொத்தம் 6,840 ரூபாய். பெட்டியைப் பிரித்தபோது அம்மா செம்புக் குடத்தைத் தூக்கிப் பார்த்து, "பரண்ல உங்க ஆச்சி குடம் மூணு கெடக்கே" என்றாள். அது வேறு, இது வேறு என்றேன். என்ன வேறு என்று எனக்கும் தெரியாது.

பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்பது திட்டம். ஒன்பது வருஷமாக விடிய விடிய விழித்த உடம்பு அதைக் கேட்குமா? பன்னிரண்டு, பன்னிரண்டரை வரை புரள்வேன். ஆனாலும் நாலரைக்கு அலாரம். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு எழுந்து, தலை சுற்றச் சுற்ற, எண்ணெயை வாயில் வைத்துக்கொண்டு நிற்பேன். குமட்டும். நச்சு வெளியேறுகிறது என்று நினைத்துக்கொள்வேன். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் மந்தமாக இருக்கும். ஏப்பம் ஏப்பமாக வரும். அதுவும் நச்சுதான்.

இரண்டாவது வாரம் ஒரு ரீலில் பார்த்ததை வைத்து, இரவே செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு எலுமிச்சம்பழமும் பிழிந்து வைத்தேன். விடிகாலையில் இரண்டு டம்ளர் குடித்தேன். நாக்கில் இரும்புத் துண்டை வைத்த மாதிரி ஒரு ருசி. அரைமணி நேரத்தில் வாந்தி. பின்கட்டில் குனிந்து நின்றவனின் முதுகை அம்மா நீவிவிட்டாள். வாந்தி நின்றதும் குடத்தை எட்டிப் பார்த்தாள்.

"செம்பை என்ன வச்சு வெளக்குவோம்?"

"புளி."

"புளி பட்டா செம்பு எளவும்னு தெரியும்லா. அப்ப நாரங்கா பட்டா என்ன செய்யும்? பத்து வருசம் கம்ப்யூட்டர்ல என்ன படிச்ச?"

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. குடத்தைக் கொட்டிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டு, கஞ்சி வைக்கப் போனாள்.

*

அதற்குப் பிறகுதான் வைத்தியரிடம் போனேன். கோட்டாற்றுப் பக்கம் வீட்டிலேயே பார்க்கிறவர். அறுபது வயதிருக்கும். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சாப்பாடு தூக்கம் மலம் என்று இருபது நிமிஷம் கேட்டார். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கி நிதானமாகப் படித்தார். நான் செய்துவந்ததையெல்லாம் பெருமையாக ஒப்பித்தேன்.

"இதெல்லாம் யாரு செய்யச் சொன்னா?"

"வாக்படர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் வாக்படர். அவருடைய 'அஷ்டாங்க ஹிருதயம்' கேரளத்து வைத்தியர்களுக்கு வேதம் மாதிரி. அதில் சூத்திர ஸ்தானம் என்னும் முதல் பகுதியின் இரண்டாவது அத்தியாயம்தான் தினசர்யா. அந்த அத்தியாயத்தின் முதல் சுலோகத்திலேயே ஒரு சொல் இருக்கிறது என்றார் வைத்தியர். 'ஸ்வஸ்தன்'. ஆரோக்கியமாக இருப்பவன்.

"ஆரோக்கியமா இருக்கவன், இருக்க ஆயுசைக் காப்பாத்திக்கிடத்தான் அந்த நேரத்துக்கு எழும்பணும். நோயாளிய எழுப்பச் சொல்லல தம்பி. பன்னெண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினா அதுக்குப் பேரு பிரம்ம முகூர்த்தம் இல்ல, தூக்கக்கேடு."

ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிஷம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், அதாவது 96 நிமிஷம் முன்னால், பிரம்ம முகூர்த்தம் தொடங்கும். உதயம் மாதாமாதம் மாறும், ஊருக்கு ஊர் மாறும். நாலரை என்று கல்லில் எழுதி வைக்கவில்லை. அதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. அஜீரணம் இருப்பவர்களுக்கு எண்ணெய் தேய்க்கவே கூடாது என்று அதே அத்தியாயம் சொல்கிறது. அஜீரணத்துக்காக நான் தினமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பல்குச்சி சுண்டுவிரல் நுனி கனத்தில் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும் என்று அளவு கொடுத்துவிட்டு, கூடவே வாந்தி, காய்ச்சல், இருமல், வாய்ப்புண் இருப்பவர்கள் பல்குச்சி வைக்கக் கூடாது என்றும் பட்டியல் போடுகிறது. உடற்பயிற்சி பலத்தில் பாதி அளவுக்குத்தான். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்திலேயே, யாருக்கு இது வேண்டாம் என்று இருக்கிறது. முப்பது விநாடி ரீலில் அந்தப் பாதிக்கு இடமில்லை.

வைத்தியர் எனக்கு எழுதிக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. இரவுச் சாப்பாடு ஏழரைக்குள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. வயிற்றில் இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சும்மா கிடக்கட்டும். பத்தரைக்குப் படுக்கை, விழிப்பு வரும்போது எழுந்தால் போதும். நெற்றி வேர்க்கிற அளவுக்கு நடை. எண்ணெய் இப்போதைக்கு வேண்டாம். "அந்த டாக்டர் தந்த மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க. அவருகிட்ட கேட்டுக் குறைங்க" என்று கடைசியில் சொன்னார். 6,840 ரூபாய்க்கு வாங்கியதில் நாக்கு வழிக்கும் தகடு மட்டும் தேறியது.

*

தேறினேன். இதில் மாயம் ஒன்றுமில்லை. படுக்கும்போது வயிற்றில் சோறு இல்லையென்றால் அமிலம் மேலே ஏறி வராது. ஒரே நேரத்தில் தூங்கி எழுந்தால் உடம்பு அடுத்த நாளை எதிர்பார்த்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது மாதம் தலையணை ஒன்றானது. ஐந்தாவது மாதம் எடை 78-இலிருந்து 71. சென்னை மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். அலாரம் இல்லாமலே ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. காலையில் பசித்தது. எனக்குக் காலையில் பசித்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?

நான் பிரச்சாரகனாகிவிட்டேன். மாமா பையனுக்கு வாட்ஸப்பில் பாடம் எடுத்தேன். தங்கச்சியிடம், பிள்ளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குச் சோறு ஊட்டாதே என்றேன். அம்மா விடிகாலையில் வெறும் வயிற்றில் கட்டஞ்சாயா குடிக்கும்போது, "அது வயித்தைக் கெடுக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் டம்ளரோடு நடைக்குப் போவேன்.

அந்த வெந்நீரை வைத்தது யார்?

இப்போது இதை எழுதும்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். விடிகாலையில் எனக்குச் சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர். எட்டு மணிக்குச் சிவப்பரிசிக் கஞ்சி, பயறு. மதியம் புளி குறைத்து, மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டு எனக்குத் தனிக் குழம்பு. ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கியது ஆகாது என்று நான் அறிவித்துவிட்டதால் ஒவ்வொரு வேளையும் புதிதாக. சாயங்காலம் ஆறரைக்கு மறுபடியும் அடுப்பு. அவளுக்கு ஏழு மணிக்குப் பசிக்காது. ஆகவே எனக்குப் பரிமாறிவிட்டு, பாத்திரம் கழுவி, சீரியல் பார்த்துவிட்டு, ஒன்பதரைக்கு மிச்சத்தைத் தின்பாள். மிச்சம் என்றால் மதியம் வைத்தது. எனக்கு ஆகாதது அவளுக்கு ஆகும்.

நான் கேட்டதில்லை. அவள் சொன்னதில்லை. என் உடம்பு தேறுவதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். அதை நான் இருவருக்குமான சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

*

ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நடை முடித்து வந்தபோது அடுக்களையில் விளக்கு எரிந்தது, அடுப்பு எரியவில்லை. அம்மா தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு தூக்கித்தூக்கிப் போட்டது. தொட்டால் கொதித்தது. "குளிருது மக்ளே" என்றாள். வைத்தியருக்குப் ஃபோன் செய்தேன். இடுப்புக்கு மேலே முதுகில் வலி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "கஷாயம் கொடுக்க நேரம் இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சிறுநீர்ப் பாதையில் வந்த தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. நான்கு நாள் ஊசி, டிரிப்ஸ். "எத்தனை நாளா எரிச்சல் இருக்கு?" என்று மருத்துவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். "ஒரு பத்து நாளு இருக்கும்."

பத்து நாளும் எனக்குச் சுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாள்.

"அடிக்கடி வருமா?"

"வருசத்துக்கு ரெண்டு தடவ வரும். வந்துட்டுப் போவும்."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது. "குடிச்சுப் பழக்கமில்ல சார். கடையில நின்ன உடம்பாக்கும்."

அம்மா 19 வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். 'வேலை பார்த்தாள்' என்று அவள் சொல்லவே மாட்டாள். 'நின்னேன்' என்றுதான் சொல்வாள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது. ஆடி, தீபாவளி என்றால் பத்தரை. எட்டரை பஸ்ஸைப் பிடிப்பதற்குள் மூன்று வேளைச் சமையலும் முடிய வேண்டும், அதனால்தான் நாலு மணிக்கு எழுந்த பழக்கம். கடையில் பெண்களுக்கான கழிப்பறை நாலாவது மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இரண்டாவது தடவை கேட்டால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பேச்சு வரும். ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர், அவ்வளவுதான். அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் என்றாள். ஒரு ரகசியத்தைச் சொல்வது போல இல்லை, வேலையின் நுணுக்கத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

கேரளத்தில் 2018-இல், தமிழ்நாட்டில் 2021-இல், கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அம்மாவின் பிரிவிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்ததாம். "யாரு இருந்தா? அது மேல நாங்க துணிக்கட்ட வச்சோம்." அடுத்த வருஷம் காலில் நரம்பு முடிச்சு புண்ணாகி, அவளே நின்றுவிட்டாள். வேலையிலிருந்து நின்றுவிடுவதற்கும் அதே சொல்தான்.

*

ஆஸ்பத்திரியில் இரவு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வைத்தியர் இரவல் கொடுத்த அஷ்டாங்க ஹிருதயத்தின் தமிழ் உரை பையில் கிடந்தது. புரட்டினேன். நாலாவது அத்தியாயம், நோய் வராமல் காப்பது பற்றியது. உடம்பின் 13 உந்துதல்களை அடக்கக் கூடாது என்று தொடங்குகிறது. கீழ்க்காற்று, மலம், சிறுநீர், தும்மல், தாகம், பசி, தூக்கம், இருமல், உழைத்ததால் வாங்கும் மூச்சு, கொட்டாவி, கண்ணீர், வாந்தி, விந்து. ஒவ்வொன்றையும் அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்று வரிசையாகப் போகிறது.

விரல் விட்டு எண்ணினேன். சிறுநீர், தாகம், பசி, தூக்கம். நின்று நின்று வாங்கிய மூச்சு. அப்பா இறந்த ஒன்பதாம் நாள் கடைக்குப் போய் நின்றாளே, அன்றைக்கு அடக்கிய கண்ணீர். 13-இல் ஆறு, எனக்குத் தெரிந்தே. அடக்க வேண்டியவை வேறு என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது: பேராசை, பொறாமை, வெறுப்பு. எது எதை யார் யார் அடக்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடை முதலாளியை நினைத்துத்தான் அப்படி நினைத்தேன். பிறகு, அந்தப் பத்து நாள் நினைவுக்கு வந்தது. எரிச்சலோடு அவள் எரித்த அடுப்பு என்னுடையது.

திரும்பவும் இரண்டாவது அத்தியாயத்துக்கு வந்தேன். நான் கரைத்துக் குடித்ததாக நினைத்த அத்தியாயம். எண்ணெய், குளியல் எல்லாம் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதி முழுக்க மற்றவர்களைப் பற்றியது. பிழைக்க வழியில்லாதவர், நோயாளி, துக்கத்தில் இருப்பவர், இவர்களுக்கு முடிந்த அளவு துணை நில் என்கிறது. புழுவையும் எறும்பையும் உன்னைப் போலவே பார் என்கிறது. பேசினால் நேரமறிந்து, நல்லதை, அளவாகப் பேசு என்கிறது. பல் துலக்குவதும் இதுவும் ஒரே பட்டியல். இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. முடிவில் வருவதுதான் என்னை நிறுத்தியது. என் இரவும் பகலும் எப்படிப்பட்டவனாகக் கழிகின்றன என்று எப்போதும் நினைத்துப் பார்க்கிறவனுக்குத் துன்பம் வராது என்ற பொருளில் அந்த ஒழுங்குமுறையை முடிக்கிறார் வாக்படர்.

எப்படிப்பட்டவனாக. எத்தனை மணிக்கு என்பதல்ல கேள்வி.

ஆயுர்வேதம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது பலித்தது. ஊசி மருந்து இல்லையென்றால் அம்மாவை அன்று வெறும் ஒழுக்கமுறையால் காப்பாற்றியிருக்க முடியாது, வைத்தியரே அதைத்தான் முதலில் சொன்னார். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். ஒருவர் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளித்து, பசியெடுத்த நேரத்தில் சூடான சோற்றின் முன்னால் உட்கார வேண்டுமென்றால், வெந்நீரையும் சோற்றையும் யாரோ முன்னாலேயே எழுந்து வைக்க வேண்டும். வீடியோவில் அவர் தெரிய மாட்டார். எங்கள் வீட்டில் தெரிந்தார். நான்தான் எரிச்சல்பட்டேன்.

*

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன், "உனக்கு என்ன செய்யணும்மா?" எனக்குள்ளே ஒரு பட்டியல் இருந்தது. அவளுக்கும் வைத்தியர், அவளுக்கும் கஞ்சி, அவளுக்கும் நடை.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "ஒண்ணும் செய்யாண்டாம். ஒரு நாளு எழுப்பாம விடு."

"நான் எங்க எழுப்புறேன்?"

"நீ எழும்பினா நான் எழும்பாண்டாமா?"

அன்றைக்கே வெந்நீருக்கு ஃபிளாஸ்க் வாங்கினேன். கஞ்சி நான் வைக்கிறேன். முதல் நாள் அடிப்பிடித்தது. தனிக் குழம்பு போயிற்று, இரண்டு பேருக்கும் ஒரே குழம்பு, புளி கொஞ்சம் கூடத்தான். நெஞ்சு எரியவில்லை. இரண்டு பேரும் எட்டு மணிக்குச் சேர்ந்து சாப்பிடுகிறோம். வைத்தியரிடம் அரைமணி நேரத் தள்ளுபடி வாங்கிவிட்டேன். அம்மாவின் தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டில். கட்டஞ்சாயா அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. நேரமறிந்து, அளவாக.

ஆனாலும் நாலு மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும். 19 வருஷத்துப் பழக்கம். எழுந்து விளக்கைப் போட்டுவிடுவாள். நான் போய் அணைப்பேன். "சும்மா கெடந்தா கையி காலெல்லாம் என்னமோ செய்யி" என்பாள்.

பெண்களுக்கு எண்ணெய்க் குளி செவ்வாய், வெள்ளி என்பார்கள். வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம், ஈரத்தலையோடு போக முடியாது என்று அம்மா அதை விட்டு எத்தனையோ வருஷம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, எண்ணெயை லேசாகச் சூடாக்கி எடுத்துப் போனேன். தலை, காது, பாதம், இந்த மூன்றும் முக்கியம் என்பது நூல் கணக்கு. நரம்பு முடிச்சு இருக்கும் இடத்தில் அழுத்தவே கூடாது, பாதத்தோடு நிறுத்திக்கொள் என்பது வைத்தியர் கணக்கு. பின்கட்டுப் படியில் உட்கார வைத்துக் காலைப் பிடித்தால், "சீ, விடு" என்று இழுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. குதிகால் கல் மாதிரி இருந்தது. அரிவாள் தீட்டலாம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "தங்கச்சி பெறந்தப்ப எங்கம்மை தேச்சு விட்டது. தன்வந்தரம். இருபத்தெட்டு நாளு. அதுக்குப் பெறவு ஆரு?"

தங்கச்சிக்கு இப்போது 29 வயது.

நேற்று எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அடுக்களை இருட்டாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அம்மாவின் அறையில் மின்விசிறி ஓடும் சத்தமும், அதற்குக் கீழே அவள் மூச்சும் கேட்டன. வேறு சத்தம் ஒன்றுமில்லை.

விளக்கைப் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.